தாய் காட்டிய தழையைத்தான் குட்டி தின்னும்: ஆடு, கோழி, எலி, குரங்கு ஒன்றிடம் ஒன்று கற்கும் பாடம்

சந்தையில் நல்ல விலை கொடுத்துப் பத்துப் பெட்டை ஆடுகள் வாங்கி வருகிறீர்கள். வேலியில் இருக்கும் கிளுவையை ஒடித்துப் போடுகிறீர்கள். அகத்திக் கொப்பைக் கட்டித் தொங்கவிடுகிறீர்கள். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு ஆடுகளோ அதே கிளுவைக்கு வேலியைத் தாண்டிக்கொண்டு வருகின்றன. உங்கள் ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை. ஆனாலும் பத்து நாளில் விலா எலும்பு தெரிகிறது. வாங்கிய விலைக்கே நட்டம்.

அந்த ஆட்டுக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். இந்தத் தழையைத் தின்னலாம் என்று அதற்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆடு மாடுகள் எல்லாவற்றையும் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வருகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. எதைத் தின்பது, எங்கே தண்ணீர் இருக்கிறது, யாரைக் கண்டால் ஓடுவது, எந்தக் காட்டில் எப்போது மேய்வது என்பதில் பெரும்பகுதியைத் தாயிடமும் மூத்த ஆடுகளிடமும்தான் அவை கற்கின்றன. இதை ஆய்வாளர்கள் சமூகக் கற்றல் என்கிறார்கள். ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்போது, அது அந்த மந்தையின் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. இந்த வழக்கம் நமக்கு லாபமும் தரும், நட்டமும் தரும். குளத்தூர், கீரனூர், நார்த்தாமலைப் பக்கம் மானாவாரி நிலத்தையும் ஆட்டையும் நம்பி இருக்கும் நமக்கு இது தெரிந்திருப்பது அவசியம்.

பிறவியில் வருவதா, பழகி வருவதா?

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் இருக்கின்றன. வேட்டையாலும் நோயாலும் பல மலைகளில் அவை அழிந்துபோயின. பிறகு வேறு இடத்திலிருந்து பிடித்து வந்து, காலியான மலைகளில் விட்டார்கள். இந்த இனம் பச்சை துளிர்க்கும் திசை பார்த்துப் பருவத்துக்குப் பருவம் மலை ஏறி இறங்கும். பழைய மந்தைகளில் 100-க்கு 65 முதல் 100 வரை இப்படி இடம் மாறின. புதிதாகக் கொண்டுவந்து விட்டவற்றில் 100-க்கு 9 கூட இடம் மாறவில்லை. இனம் ஒன்றுதான், கால் ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான். வழி மட்டும் தெரியவில்லை. அந்த மலையில் எங்கே எப்போது புல் துளிர்க்கும் என்பதைக் கற்று, குட்டிகளுக்குக் கடத்தி, மந்தை முழுக்கப் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. 2018-இல் வெளியான இந்த ஆய்வு, மேய்ச்சல் அறிவு ரத்தத்தில் மட்டும் வருவதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டியது.

இங்கிலாந்தின் வடக்கு மலைகளில் வளர்ப்புச் செம்மறிகளே இதற்குச் சாட்சி. அங்கே பல மந்தைகள் வேலி இல்லாத பொது மலையில் மேய்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையைவிட்டுப் போவதில்லை. தாய் மேய்ந்த இடத்தில் குட்டியும் மேய்ந்து, அதுவே அதன் இடம் என்று பழகிவிடுகிறது. 2001-இல் அந்த நாட்டில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்று அழித்தார்கள். அதில் மலை மந்தைகளும் போயின. அதன்பின் புதிதாக வாங்கிவிட்ட ஆடுகளுக்கு எல்லை தெரியவில்லை. ஆடு போனதோடு, ஆட்டுக்குள் இருந்த எல்லைக் கணக்கும் போய்விட்டது.

இதெல்லாம் கிடை போடும் கீதாரிகளுக்குப் புதிதல்ல. அறுவடை முடிந்த வயலுக்கு மந்தையை ஓட்டி வருகிறவர் எல்லா ஆட்டையும் விரட்டிக்கொண்டிருக்க மாட்டார். முன்னே நடக்கும் மூத்த ஆட்டைத் திருப்பினால் பின்னால் வருவதெல்லாம் திரும்பும். இளம் ஆட்டுக்கு அந்த மூத்த ஆடுதான் வழி.

ஆட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரெட் புரொவென்சா என்பவர், ஆடு மாடுகள் தீவனத்தை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஆட்டுக்கு இரண்டு ஆசிரியர்கள் உண்டு. ஒன்று தாய், இன்னொன்று வயிறு.

முதலில் தாய். தாய் தின்ற தீவனத்தின் வாசனை பால் வழியாகக் குட்டிக்குப் போகிறது. வயிற்றில் இருக்கும்போதே கூட அந்த வாசனை பழகுகிறது. பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் குட்டி, தாயின் வாய்க்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாய் கடிக்கும் தழையையே கடித்துப் பார்க்கிறது. தாய் ஒதுக்குவதை அதுவும் ஒதுக்குகிறது.

ஆஸ்திரேலியாவில் செய்து 1984-இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். செம்மறிக் குட்டிகளுக்குத் தாயோடு சேர்த்துத் தினம் ஒரு மணி நேரம், ஐந்தே நாட்கள் கோதுமை காட்டினார்கள். பிறகு கோதுமையே கொடுக்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி வைத்தபோது, அவை தயங்காமல் தின்றன. தாய் இல்லாமல் தனியாகக் கோதுமையைப் பார்த்த குட்டிகளும், பார்க்கவே பார்க்காத குட்டிகளும் அதைப்போலத் தின்னவில்லை. தாயோடு கழித்த ஐந்து மணி நேரம் மூன்று ஆண்டு நின்றது.

அடுத்து வயிறு. ஒரு தழையைத் தின்று சில மணி நேரத்தில் வயிறு புரட்டினால், ஆடு அந்தத் தழையை அடுத்த முறை ஒதுக்கும். தின்றபின் தெம்பு வந்தால் தேடிப்போய்த் தின்னும். புதுத் தழையை முதலில் இரண்டு வாய் மட்டும் கடித்துவிட்டு நிறுத்துவது அதனால்தான். அது ஆட்டின் பிடிவாதமில்லை, எச்சரிக்கை.

ஆனால் வயிறு என்னும் ஆசிரியருக்கு ஒரு குறை உண்டு. தின்றவுடன் கொல்லும் நஞ்சைப் பற்றி அது பாடம் நடத்த முடியாது. வாடிய இளஞ்சோளம், அறுத்தபின் மறுபடி தழைத்த சோளம் ஆகியவற்றில் உள்ள சயனைடு நஞ்சு அப்படிப்பட்டது. கற்றுக்கொள்ள ஆடு உயிரோடு இருக்காது. அங்கே நாம்தான் காவல். மெல்லக் கொல்லும் நஞ்சையும் வயிறு கண்டுபிடிக்காது. இன்று தின்றதற்கு அடுத்த மாதம் நோய் வந்தால், எந்தத் தழையால் வந்தது என்று ஆட்டுக்கு எப்படித் தெரியும்?

கெட்ட பழக்கமும் தொற்றும்

மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு நம் கண்மாய்க் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. நெய்வேலி காட்டாமணக்குச் செடியைச் சொல்கிறேன். வரத்து வாய்க்கால், கண்மாய் உள்வாய் என்று எங்கும் ஊதாப் பூவோடு புதராக நிற்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது. சாதாரண நாளில் ஆடு இதைத் தொடுவதில்லை. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது ஓர் ஆடு வாய் வைக்கும். உடனே ஒன்றும் ஆவதில்லை. அதனால் மறுநாளும் தின்னும். நாளடைவில் அதையே தேடிப் போகும். வாரக்கணக்கில் தின்றபின் நரம்பு பாதித்துத் தலை ஆடும், நடை தள்ளாடும், உடல் வற்றும்.

ஓர் ஆடு தின்பதைப் பார்த்து மற்ற ஆடும் தின்னத் தொடங்கினால்தான் பெரிய சேதம். இதேபோன்ற நரம்பு நஞ்சு உள்ள லோகோ என்னும் செடியால் அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் பாதிக்கப்படுகின்றன. அங்கே ஆய்வாளர்கள் சில மாடுகளுக்கு, அந்தச் செடியைத் தின்றவுடன் குமட்டல் வரும் மருந்து கொடுத்து, அதைத் தொடாதபடி பழக்கினார்கள். தனியாக மேய்ந்தவரை அந்த மாடுகள் செடியைத் தொடவில்லை. செடியைத் தின்னும் மாடுகளோடு சேர்த்து விட்டதும், பார்த்துப் பார்த்து அவையும் மெல்லத் தின்ன ஆரம்பித்தன. வயிறு கற்றுக்கொடுத்த பாடத்தைக் கூட்டாளி கலைத்துவிட்டது.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது இதுதான். மந்தையில் எந்த ஆடு நெய்வேலி காட்டாமணக்கைக் கடிக்கிறது என்று கவனியுங்கள். அந்த ஆட்டை அன்றே பிரித்துத் தனியாகக் கட்டி, வேறு தீவனம் கொடுங்கள். எல்லா ஆட்டையும் விரட்டிக்கொண்டிருப்பதைவிட முதலில் தின்ற அந்த ஒன்றைப் பிரிப்பதுதான் பயன் தரும். தலை ஆட்டம், தள்ளாட்டம் தெரிந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூத்த ஆட்டை விற்கும் முன்

பணம் தேவைப்பட்டால் நாம் முதலில் பார்ப்பது வயதான ஆட்டைத்தான். பல் தேய்ந்துவிட்டது, குட்டி குறைந்துவிட்டது, தள்ளிவிடலாம் என்று நினைப்போம். பொருளாதாரக் கணக்கில் அது சரி. ஆனால் அந்த ஆட்டுக்குள் வேறொரு கணக்கும் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் எந்த ஓடையில் ஊற்று இருந்தது, வெள்வேல் நெத்து எந்த மாதத்தில் எங்கே உதிரும், மேயக் கூடாத புதர் எது என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

யானையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் தராங்கிரே என்ற காட்டில் 1993-இல் கடும் வறட்சி. ஒன்பது மாதத்தில் 81 கன்றுகளில் 16 செத்தன. வயதான பெண் யானைகள் வழிநடத்திய கூட்டங்கள் காட்டைவிட்டு வெளியேறி வேறெங்கோ தண்ணீரும் தழையும் தேடிக்கொண்டன. அந்தக் கூட்டங்களில் கன்றுச் சாவு குறைவு. காட்டிலேயே தங்கிவிட்ட கூட்டத்தில் அப்படி மூத்த யானை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியைப் பார்த்த மூத்த யானைகளின் நினைவுதான் கன்றுகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

நம் ஆடு அத்தனை ஆண்டு வாழ்வதில்லை. ஆனாலும் வறட்சி அடிக்கடி வரும் மாவட்டம் நம்முடையது. எனவே மூத்த ஆடுகளை ஒரே நேரத்தில் மொத்தமாகக் கழிக்காதீர்கள். இருபது ஆடு இருந்தால் நல்ல மேய்ச்சல் உள்ள இரண்டு மூன்று மூத்த பெட்டைகளை வைத்துக்கொண்டு, இளம் ஆடுகள் அவற்றோடு ஒரு முழுக் கோடையாவது மேய்ந்த பிறகு விற்கலாம். வேலி தாண்டும் ஆடு, நச்சுத்தழை தின்னும் ஆடு என்றால் எத்தனை குட்டி போட்டாலும் முதலில் அதைக் கழியுங்கள். அது தன் குட்டிக்கும் அதையே காட்டிக் கொடுக்கும்.

புது ஆட்டை மந்தையில் சேர்ப்பது எப்படி?

செம்மறி முகம் மறக்காத பிராணி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே நடந்த ஆய்வில், செம்மறிகள் மற்ற ஐம்பது செம்மறிகளின் முகங்களை இரண்டு ஆண்டுக்கு மேல் நினைவு வைத்திருந்தன. 2001-இல் வெளியான முடிவு இது. ஆகவே புது ஆட்டுக்கு உங்கள் தழை மட்டுமில்லை, உங்கள் மந்தையின் முகங்களும் புதிது. அவசரப்படாமல் கீழே உள்ளபடி செய்யுங்கள்.

1. வாங்கும்போதே, இதுவரை என்ன தின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள். கொட்டிலில் அடர் தீவனம் தின்று வளர்ந்த ஆடா, காட்டில் மேய்ந்த ஆடா என்பது விலையைவிட முக்கியம். முடிந்தால் உங்களைப் போன்ற நிலம் உள்ள பக்கத்து ஊரிலேயே வாங்குங்கள்.

2. தாயும் குட்டியுமாக வாங்கினால் பிரிக்காதீர்கள். தாய் புதுத் தழைக்குப் பழகும்போது குட்டி தானாகப் பழகிவிடும்.

3. வந்த ஆட்டை மூன்று வாரம் தனியாக வையுங்கள். இது நோய்க்காக. ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

4. தனியாக இருக்கும் நாட்களில் அதற்குப் பழகிய தீவனத்தையே பெரும்பகுதி கொடுத்து, நம் தழையைக் கொஞ்சமாகக் கலந்து கூட்டுங்கள். ஒரே நாளில் மாற்றினால் அசை போடும் வயிறு ஏற்காது.

5. மூன்று வாரம் கழித்து, சாதுவான இரண்டு மூன்று மூத்த ஆடுகளைப் புது ஆடுகளோடு ஒரே பட்டியில் விடுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் கிளுவையோ அகத்தியோ கட்டித் தொங்கவிடுங்கள். பழைய ஆடு தின்பதைப் பார்த்துப் புது ஆடு வாய் வைக்கும்.

6. அதன்பிறகே எல்லாவற்றையும் சேர்த்து மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். முதல் வாரம் வயிறு நிறைந்த ஆட்டை ஓட்டுவது நல்லது. பசியோடு போகும் புது ஆடுதான் தெரியாத செடியில் வாய் வைத்து மாட்டிக்கொள்ளும்.

குட்டி வளர்ப்பிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். குட்டித் தீவனத்தைத் தாய் புகாத தடுப்புக்குள் வைப்பது வழக்கம். அதற்கு முன் ஐந்து நாள், தாயும் குட்டியும் சேர்ந்து இருக்கும்போது அதே தீவனத்தில் ஒரு கைப்பிடி தாய்க்கு வையுங்கள். குட்டி பார்த்துவிட்டால் பிறகு தடுப்புக்குள் வைத்ததும் தயங்காமல் தின்னும். அதேபோல வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை என்று பின்னால் கொடுக்கப்போகும் எல்லாத் தழையையும் பால் மறக்கும் முன்பே தாயோடு சேர்த்துக் காட்டிவிடுங்கள். தானியத்தை மட்டும் ஒரே நேரத்தில் அதிகம் வைக்காதீர்கள். வயிற்றில் அமிலம் கூடி ஆட்டுக்கு ஆபத்தாகும்.

ஆடு உங்களையும் கவனிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தடுப்பைச் சுற்றிப் போய்த் தீவனத்தை எடுக்கும் வழியை மனிதர் நடந்து காட்டினால், வெள்ளாடு அதைப் பார்த்து விரைவில் கற்றுக்கொள்கிறது என்று 2016-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே வேலியில் இருக்கும் சந்து வழியாக ஆட்டின் கண் முன்னால் நீங்களே நுழைந்து காட்டாதீர்கள்!

தாய்க்கோழி நடத்தும் பள்ளி

நாட்டுக்கோழி குஞ்சோடு திரிவதைப் பார்த்திருப்பீர்கள். தீனி கண்டால் கொக் கொக் என்று கூப்பிட்டு, தரையைக் கொத்திக் காட்டும். குஞ்சுகள் ஓடி வந்து அதே இடத்தில் கொத்தும். இது வெறும் பாசமில்லை, பாடம்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1996-இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு நிறத் தீனி கசப்பானது என்று தாய்க்கோழிக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு அதே நிறத் தீனியைக் குஞ்சுகள் தின்பதுபோல் காட்டினார்கள். தாய்க்கோழி வழக்கத்தைவிட அதிகமாகக் கொத்தியும் சீய்த்தும் குஞ்சுகளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தது. குஞ்சு தப்பானதைத் தின்கிறது என்று தாய்க்குத் தெரிந்தால், அது சும்மா இருப்பதில்லை.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு இந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால்தான் முதல் இரண்டு நாள் தீனி இருந்தும் தின்னாமல் சில குஞ்சுகள் வாடிப்போகின்றன. அதற்கு எளிய வழி உண்டு. விரல் நுனியால் தீனித் தட்டில் கொத்துவது போலத் தட்டுங்கள். குஞ்சுகள் அந்த இடத்திலேயே கொத்தும். ஒன்று தொடங்கினால் மற்றதும் தொடரும். வீட்டில் அடைக்கோழி இருந்தால், இருட்டியபின் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை அதன் இறக்கைக்குள் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மேய்ச்சலில் விடும் கோழிக்கு, தீனி தேடவும் பருந்தைக் கண்டு பதுங்கவும் தாயைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

எலி மருந்து ஏன் இரண்டாம் முறை பலிப்பதில்லை?

இதுவரை நமக்கு உதவும் கற்றலைப் பெரும்பாலும் பார்த்தோம். நமக்கு எதிராக நடக்கும் கற்றலும் உண்டு. முதலில் எலி.

கடலைக் காட்டிலும் நெல் வரப்பிலும் எலி மருந்து வைத்தால், முதல் நாள் சில எலி சாகும். மறுநாள் வைத்தது வைத்தபடி கிடக்கும். எலி ஒன்றுக்கொன்று சொல்லிவிட்டது என்போம். மருந்து வைப்பதைப் பற்றி எலி காதில் விழும்படி பேசக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் எலி ஒழிப்பில் வேலை செய்த ஃபிரிட்ஸ் ஸ்டைனிகர் 1950-இல் இதைப் பதிவு செய்தார். நஞ்சுத் தீனியைத் தின்று பிழைத்த எலிகள் அதை ஒதுக்கின. அந்த வளையில் பிறந்த குட்டிகளும், ஒருமுறைகூடத் தின்று பார்க்காமலே அதை ஒதுக்கின.

இதன் காரணத்தைக் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டார். எலி, இது விஷம் என்று மற்ற எலிக்குச் சொல்வதில்லை. எது தின்னத் தகுந்தது என்பதைத்தான் கடத்துகிறது. ஓர் எலி புதிதாக ஒன்றைத் தின்றுவிட்டு வந்தால், மற்ற எலி அதன் வாயை மோந்து பார்க்கிறது. மூச்சில் வரும் வாசனையோடு சேர்ந்த அந்தத் தீனியை அதுவும் விரும்பத் தொடங்குகிறது. குட்டிகளோ, பெரிய எலிகள் தின்னும் இடத்திலேயே தின்று பழகுகின்றன. பெரியவை தொடாத தீனியைத் தேடிப் போவதில்லை. நஞ்சை ஒதுக்குவது இப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது.

இந்த வழக்கத்தை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். முதல் இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காத தீனியை மட்டும் வளை அருகே வையுங்கள். உடைத்த தானியம் 98 பங்கு, சமையல் எண்ணெய் 2 பங்கு போதும். எலிகள் தின்று, ஒன்றின் வாயை ஒன்று மோந்து, இது நல்ல தீனி என்று வளை முழுக்கப் பரவட்டும். அதன்பிறகே அதே தீனியில் மருந்து. ஜிங்க் பாஸ்பைடு போல உடனே வேலை செய்யும் மருந்தை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பிழைத்த எலி மறுமுறை தொடாது. மீதியுள்ள எலிகளுக்கு, மெல்ல வேலை செய்யும் புரோமாடியோலோன் வகை மருந்து பொருந்தும். நோவு சில நாள் கழித்து வருவதால் எலியால் தீனியோடு அதைத் தொடர்புபடுத்த முடியாது. நெய்வேலி காட்டாமணக்கு ஆட்டை ஏமாற்றுவதும் இதே வழியில்தான்.

மருந்தையும் அளவையும் வேளாண் அலுவலரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கையுறை போட்டுக் கலக்குங்கள். குழந்தை, கோழி, நாய் எட்டாதபடி வளைக்குள்ளேயே வையுங்கள். செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மருந்து வேண்டாம் என்பவர்கள் தஞ்சாவூர்க் கிட்டி வைக்கலாம். வயலில் ஆந்தை உட்கார ‘டி’ வடிவக் குச்சி நடலாம். இதையெல்லாம் ஊரார் ஒரே வாரத்தில் சேர்ந்து செய்தால்தான் பலன். ஒருவர் வயலில் மட்டும் வைத்தால், பக்கத்து வயல் எலி அடுத்த வாரம் குடிவரும்.

குரங்குக்கு நாம் நடத்தும் பாடம்

கடைசியாக, நாட்டுக் குரங்கு. ஜப்பானில் கோஷிமா என்ற சிறு தீவில் 1953-இல் ஒன்றரை வயதுப் பெண் குரங்கு ஒன்று, ஆய்வாளர்கள் போட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தண்ணீரில் கழுவித் தின்றது. அதற்கு இமோ என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்த்த கூட்டாளிகள் கழுவின, தாயும் கழுவியது. சில ஆண்டுகளில் கூட்டத்தில் பெரும்பாலானவை கழுவின. வயதான குரங்குகளில் பெரும்பாலானவை, குறிப்பாக ஆண் குரங்குகள், கற்கவில்லை. கற்பது பெரும்பாலும் இளசுகள்தான்.

நம் ஊர்க் குரங்குகளும் சளைத்தவை அல்ல. பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பந்திப்பூர் காட்டில் சாலையோர நாட்டுக் குரங்குகளைக் கவனித்து 2018-இல் எழுதினார்கள். உணவு வைத்திருக்கும் மனிதர்களைக் கண்டால் அவை கையை நீட்டுகின்றன, ஒருவிதமாகக் கூவிக் கேட்கின்றன. மனிதர் தம்மைக் கவனிக்கிறாரா என்று பார்த்துக் கேட்கின்றன. காட்டில் இதற்குத் தேவையே இல்லை. மனிதர் கொடுக்கக் கொடுக்க உருவான வழக்கம் இது.

மலைக்கோயிலில் நாம் அன்போடு போடும் பழமும் பொரியும் குரங்குக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் சொல்கின்றன: மனிதர் இருக்கும் இடத்தில் தீனி உண்டு. குட்டி அதைத் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டே பார்க்கிறது. கோயில் வாசலில் கற்றது அடுத்து கடலைக் காட்டுக்கும் கொய்யாத் தோப்புக்கும் வருகிறது. ஆண் குரங்கு வளர்ந்தபின் வேறு கூட்டத்துக்குப் போகும். போகும்போது பழக்கத்தையும் கொண்டுபோகும். பிடித்து வேறு ஊர் எல்லையில் விட்டாலும் இதே கதைதான். தொல்லை தீர்வதில்லை, ஊர் மாறுகிறது.

இதற்குச் செய்யக்கூடியவை:

குரங்குக்குத் தீனி போடுவதில்லை என்று ஊரே சேர்ந்து கிராம சபையில் பேசி முடிவெடுங்கள். ஒரு வீடு போட்டாலும் பாடம் தொடரும். குப்பைத் தொட்டியை மூடி வையுங்கள்.

காவலை விளைச்சல் முற்றும் நேரத்தில் தொடங்காமல், முதல் குரங்கு வந்து பார்க்கும் வாரத்திலேயே தொடங்குங்கள். முதல் வருகையில் வயிறு நிறைந்துவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு உங்கள் நிலம் மனப்பாடம்.

ஒரே விரட்டும் முறையை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். நிற்கும் பொம்மை ஒன்றும் செய்யாது என்பதை ஒரு குரங்கு கண்டுபிடித்தால் போதும், மற்றவையும் பின்னால் வரும். இடத்தையும் சத்தத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். தொல்லை மீறினால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். நஞ்சு வைப்பது, வெடி வைப்பது போன்ற வேலைகளில் இறங்காதீர்கள்.

சுருக்கமாக

ஆடோ கோழியோ வாங்கும்போது நாம் உடலைப் பார்த்து விலை பேசுகிறோம். அதற்குள் இருக்கும் பழக்கம் எடையில் தெரிவதில்லை. ஆனால் தீவனச் செலவும் குட்டிச் சாவும் ஓரளவு அதைப் பொறுத்தும் அமைகின்றன. ஆகவே பின்னால் கொடுக்கப்போகும் தழையைத் தாயோடு இருக்கும்போதே குட்டிக்குக் காட்டுங்கள். புது ஆட்டுக்குப் பழைய ஆட்டைத் துணை விடுங்கள். நச்சுத்தழை தின்னும் முதல் ஆட்டைப் பிரியுங்கள். நல்ல மேய்ச்சல் உள்ள மூத்த ஆட்டைக் கொஞ்சம் தாமதித்து விற்பனை செய்யுங்கள். எலிக்கும் குரங்குக்கும் நாம் என்ன கற்றுக் கொடுக்கிறோம் என்று யோசித்துச் செய்யுங்கள்.

இந்தக் கோடையில் ஒருநாள், கையில் தொரட்டியோடு மந்தைக்குப் பின்னால் போகும்போது சற்று நின்று பாருங்கள். முதலில் திரும்புவது எந்த ஆடு, அது எந்தப் புதரை ஒதுக்குகிறது, அதன் பக்கத்தில் எந்தக் குட்டி நிற்கிறது என்று கவனியுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் மந்தை எப்படி மேயும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கால்நடைக்கு அவசரம் என்றால் 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.